60,000 யூரோ சம்பளத்துக்கு இருவரும் ஜெர்மனி போகலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். அவிநாசியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்விக்கு இன்று விளக்கம் சொல்கிறேன். அவருடைய கணவர் கோயம்புத்தூரில் மென்பொருள் பணியில் இருக்கிறார். பிடித்தம் போக மாதம் 1,10,000 ரூபாய் கைக்கு வருகிறது. சகோதரி திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக 65,000 ரூபாய் வாங்குகிறார். குழந்தை இல்லை. சொந்த அடுக்ககத்துக்கு மாதம் 38,000 ரூபாய் வங்கித் தவணை கட்டுகிறார்கள். வீட்டுச் செலவுக்கு 45,000 ஆகிறது. கோபியில் இருக்கும் மாமனார் மாமியாருக்கு 10,000 அனுப்புகிறார்கள். கணவருக்கு ஸ்டுட்கார்ட்டில் ஆண்டுக்கு 60,000 யூரோ சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. "மாதம் 5 லட்சம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் வேலையை விட்டுவிட்டு உடன் போகலாமா, சம்பளத்தைக் கூட்டிக் கேட்க வேண்டுமா" என்பது கேள்வி.

சகோதரி, அந்த 5 லட்சத்தை முதலில் மறந்துவிடுங்கள். ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் அந்தத் தொகை வருவது உண்மைதான். ஆனால் செலவையும் அதே யூரோவில்தான் செய்யப்போகிறீர்கள். ஆகவே சம்பளத்தோடு சம்பளத்தை ஒப்பிடாமல், குடும்பத்துக்கு மாதக் கடைசியில் இங்கே மிஞ்சுவதையும் அங்கே மிஞ்சுவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இங்கே இருவர் சம்பளம் 1,75,000. தவணை, வீட்டுச் செலவு, பெரியவர்களுக்கு அனுப்புவது எல்லாம் போக 82,000 மிஞ்சுகிறது. இந்த 82,000தான் நம்முடைய அளவுகோல்.

இனி ஜெர்மனிக் கணக்கு. 60,000 என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை; மாதத்துக்கு 5,000. அதில் ஓய்வூதியக் காப்பீட்டுக்கு 9.3 விழுக்காடு, வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3 விழுக்காடு, இவற்றோடு மருத்துவக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு ஆகியவற்றில் தொழிலாளியின் பங்கு என்று மட்டுமே ஏறக்குறைய 1,000 யூரோவுக்கு மேல் போய்விடும். அதன் பிறகுதான் வருமான வரி. அங்கே வரிக்கு வகுப்புகள் உண்டு. தனி ஆளாக இருந்தால் ஒன்றாம் வகுப்பு. கைக்கு 3,100 யூரோவை ஒட்டி வரும். கணவன் மனைவி இருவரும் அங்கே வசித்து, ஒருவர் மட்டும் சம்பாதித்தால் மூன்றாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது 3,500ஐ ஒட்டி வரும். நீங்கள் இங்கேயே இருந்து அவர் மட்டும் முன்னால் போனால், திருமணமானவராக இருந்தும் அவருக்கு ஒன்றாம் வகுப்புதான் கிடைக்கும் என்பதையும், நீங்கள் போய் இறங்கிப் பதிவு செய்ததும் தாமாக வருவது நான்காம் வகுப்பு என்பதையும், மூன்றாம் வகுப்பை நீங்களே கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலையில்லாத மனைவிக்கு அரசு முறை மருத்துவக் காப்பீட்டில் தனிக் கட்டணம் கிடையாது. இது பெரிய உதவி.

3,500 யூரோவில் வாழ்க்கையை ஓட்டிப் பார்ப்போம். வாடகையில் இரண்டு சொற்களைக் கேள்விப்படுவீர்கள். கால்ட்மீட்டெ என்றால் வெறும் வீட்டு வாடகை. வார்ம்மீட்டெ என்றால் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை, படிக்கட்டுப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்த வாடகை. மின்சாரம் பெரும்பாலும் அதிலும் சேராது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதலாவது தொகை. நீங்கள் கட்டப்போவது இரண்டாவது. ஸ்டுட்கார்ட்டில் இருவருக்கு ஒரு சிறிய வீட்டுக்கு எல்லாம் சேர்த்து 1,300 யூரோ என்று வைத்துக்கொள்வோம். இதே சம்பளம் மியூனிக்கில் என்றால் வாடகை இன்னும் கூடும். கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு நகரம் என்றால் வெகுவாகக் குறையும். மின்சாரம், இணையம், இரண்டு கைப்பேசி 140, சாப்பாடு 500, நாடு முழுவதும் உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் செல்லும் மாதச் சீட்டு 2026 முதல் ஒருவருக்கு 63, இருவருக்கு 126, வீட்டுக்கு ஒன்று என்று கட்டாயமாகக் கட்டும் ஒளிபரப்புக் கட்டணம் 18 யூரோ 36 சென்ட், துணிமணி, சிறு காப்பீடுகள், வெளியே போய்வருவது ஆகியவற்றுக்கு 250. இவை போக 1,160 யூரோ மிஞ்சும். ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் ஊருக்கு வந்துபோக அதில் கொஞ்சம் ஒதுக்கினால் மாதம் மிஞ்சுவது 1,000 யூரோ. அதாவது ஒரு லட்சம் ரூபாய்.

அந்த ஒரு லட்சத்திலிருந்துதான் இங்கேயுள்ள கடமைகளைச் செய்ய வேண்டும். தவணை 38,000 நிற்காது. கோபிக்கு 10,000 நிற்காது. அடுக்ககத்தை வாடகைக்கு விட்டு 18,000 வந்தாலும் கையில் நிற்பது 70,000. இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் கேட்காமல் விட மனமில்லை: மாமனார் மாமியாரின் மருத்துவக் காப்பீடு உங்கள் கணவருடைய நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருக்கிறதா? இருந்தால், அவர் வேலையை விடும் நாளோடு அது முடிந்துவிடும். வயதான காலத்தில் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் வைக்க முடியும். வேலையை விடுவதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிக் காப்பீடாக மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். அதற்கு மாதம் 5,000 ஒதுக்கினால் மிச்சம் 65,000. இப்போது மிஞ்சுவதைவிட 17,000 குறைவு. உங்கள் வருங்கால வைப்பு நிதியும் நின்றுபோகும்.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. நானும் என் மனைவியும் இந்தக் கணக்கைப் போடாமல் போனவர்கள். ஸ்டுட்கார்ட்டில் எங்களுக்குக் கிடைத்த முதல் வீட்டின் சாவியை வாங்கித் திறந்தபோது சமையலறையில் ஒன்றுமே இல்லை. அடுப்பு இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டி இல்லை, மேடை இல்லை. சுவரில் மூடி போட்ட இரண்டு தண்ணீர்க் குழாய் முனைகளும், கூரையிலிருந்து விளக்கில்லாமல் தொங்கிய ஒரு ஒயரும் மட்டும் இருந்தன. முன்பு குடியிருந்தவர் தம் சமையலறையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அங்கே அதுதான் வழக்கம். ஈரோட்டிலிருந்து கொண்டுபோன மஞ்சள்தூளையும் குக்கரையும் சன்னல் திட்டில் வைத்துவிட்டு, ஒரு மின் அடுப்பைத் தரையில் வைத்து ஐந்து வாரம் சமைத்தாள். அந்த ஐந்து வாரமும் அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை; அதனாலேயே எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

ஆகவே முதல் செலவுக்குத் தனியாகப் பணம் வேண்டும். முன்பணமாக மூன்று மாதக் கால்ட்மீட்டெ வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. சமையலறை, கட்டில், குளிருக்கான உடுப்பு, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு எல்லாம் சேர்த்து 7,000 யூரோ கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம். நகையை அடகு வைத்துத்தான் அதைத் திரட்ட வேண்டும் என்றால், அந்த வட்டியையும் மேலே சொன்ன கணக்கில் சேருங்கள். நிறுவனம் இடமாற்றத் தொகை தருகிறது என்றால், அது கடிதத்தில் இருக்கிறதா, இரண்டு ஆண்டுக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்களா என்று பாருங்கள்.

இப்போது கணக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். இந்தக் குடும்பத்தின் எதிர்காலம் கணவருடைய 60,000 யூரோவைவிட, உங்கள் வேலையைப் பொறுத்தே இருக்கிறது. அவருக்குப் புளூ கார்டு, அதாவது உயர்தகுதிப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதி, கிடைக்கும் தகுதி இருக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கு அதன் பொதுவான சம்பள வரம்பு 48,300 யூரோவாக இருந்தது. புளூ கார்டு உள்ளவரின் மனைவிக்கு விசா பெற ஜெர்மன் மொழித் தேர்வு கட்டாயமில்லை, போனதும் எந்த வேலையும் செய்ய உரிமையும் உண்டு. நீங்கள் ஆண்டுக்கு 40,000 யூரோ வேலை ஒன்றில் சேர்ந்தால், கணவரின் வரி வகுப்பு மாறி அவர் கைக்கு வருவது குறைந்தாலும், வீட்டுக்கு மொத்தம் 5,300 யூரோவை ஒட்டி வரும். அப்போது மாதம் ஏறக்குறைய 1,800 யூரோ கூடுதலாக நிற்கும். கணக்கே தலைகீழாக மாறிவிடும்.

ஆனால் உரிமை வேறு, வேலை வேறு. ஆயத்த ஆடைத் துறையில் சேம்பிள், விலை பேசுதல், கப்பலேற்றும் தேதி என்று ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தாரோடு நாள்தோறும் மல்லுக்கட்டிய அனுபவம் அங்கே மதிக்கப்படும். மொழி இல்லாமல் அது கதவைத் திறக்காது. விசாவுக்குக் கட்டாயமில்லை என்பதால் மொழியைத் தள்ளிப் போட்டு, இரண்டு ஆண்டு வீட்டிலேயே இருந்துவிட்ட, நன்றாகப் படித்த பெண்கள் பலரை நான் அங்கே பார்த்திருக்கிறேன். நமக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் இப்போதே வகுப்பில் சேருங்கள்.

உங்கள் ராஜினாமாக் கடிதத்தையும் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். அங்கே முதல் ஆறு மாதம் வரை தகுதிகாண் காலம் இருக்கலாம். அந்தக் காலத்தில் இரண்டு வார அறிவிப்பில் வேலையை முடித்துவிட முடியும். அந்த ஆறு மாதம் அவர் முன்னால் போகட்டும், நீங்கள் இங்கே சம்பளத்தோடு மொழி படியுங்கள். அவருக்கு வரி கூடுதலாகப் பிடிக்கப்படும் என்றாலும், அது உங்கள் 65,000த்தைவிடச் சிறிய இழப்பு. பிரிந்திருப்பதன் வலி கணக்கில் வராது. அதை நீங்கள் இருவரும்தான் எடை போட வேண்டும்.

சிங்கப்பூர், துபாய் என்று வேறு அழைப்பு வந்தாலும் இதே முறையில் பாருங்கள். சிங்கப்பூரில் மனைவியை அழைத்துப்போகக் கணவருக்கு 6,000 சிங்கப்பூர் டாலர் மாதச் சம்பளம் வேண்டும். 2021 மே முதல், உடன் போன துணைவர் வேலை செய்யத் தமக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டியிருக்கிறது. துபாயில் வருமான வரி இல்லை. ஆனால் ஆண்டு வாடகையைச் சில காசோலைகளாக முன்கூட்டியே கேட்பார்கள்.

இங்கே செய்ய வேண்டியவையும் சில உண்டு. திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் இருந்தால் உடனே செய்யுங்கள். கோயில் ரசீது போதாது. வெளிநாடு போனபின் சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும். அடுக்ககத்துக்கு வாடகை கட்டுபவர் 31.2 விழுக்காடு வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தர வேண்டியிருக்கும். கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், ஆனால் மாதம் கைக்கு வருவது 18,000 இல்லை.

சம்பளம் கூட்டிக் கேட்க வேண்டுமா என்று கேட்டீர்கள். கேட்க வேண்டும். அந்த 17,000 ரூபாய்க் குறைவை ஈடுகட்டவே ஆண்டுச் சம்பளம் 64,000 யூரோவை ஒட்டி இருக்க வேண்டும். ஆகவே 68,000 கேளுங்கள். அது 12 மாதத்துக்கா, 13 சம்பளமாகப் பிரித்தா, அதில் உறுதியில்லாத போனஸ் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் 60,000லேயே நின்றால், உங்களுக்கு வேலை கிடைக்கும்வரை மாதம் 17,000 ரூபாய் குறைவாகச் சேமிக்கச் சம்மதமா என்று இருவரும் உட்கார்ந்து பேசி, அதற்குப் பிறகு அந்த நிறுவனத்துக்குப் பதில் எழுதுங்கள்.