விதைநெல்லும் மென்பொருளும்

வணக்கம் நேயர்களே. கணனி என்றதும் வானொலியை நிறுத்திவிடாதீர்கள், இன்றைக்குப் பாதிப் பேச்சு நெல்லைப் பற்றித்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு மூட்டைக்கணக்கு பார்க்கிற மென்பொருள் ஒன்று போட்டுக்கொடுத்தேன். இணையத்தில் கிடைத்தது, ‘ஓபன் சோர்ஸ்’ (திறந்த மூலம், அதாவது யாரும் பார்த்து, மாற்றி, எதற்கும் பயன்படுத்தலாம்) என்று முகப்பிலேயே எழுதியிருந்தார்கள், நிரல் முழுக்கக் கண்முன்னே கிடந்தது. ஈரநெல்லுக்குக் கிலோ கழிக்க வேண்டும், சிட்டை தமிழில் வர வேண்டும் என்றார் ஆலைக்காரர். இரண்டு இரவு உட்கார்ந்து சேர்த்தேன். பெரும்போக அறுவடை நேரம், வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்க, முதல் சிட்டையை லைற்றுக்கு நேரே பிடித்துப் பார்த்துச் சிரித்தார் மனிசன். அப்புறம் பக்கத்து ஆலைக்காரரும் கேட்டார். மாதக் கட்டணத்துக்கு என் கணனியிலிருந்தே ஓட்டிக்கொடுக்கலாமே என்று நினைத்து, அப்போதுதான் உரிமத்தை வாசித்தேன். (முதலே வாசித்திருக்க வேண்டும், அது என் பிழை.) பார்க்கலாம், மாற்றலாம், சொந்த வேலைக்கு ஓட்டலாம்; பிறருக்குச் சேவையாகக் கொடுத்துக் காசு வாங்கக் கூடாது!

வயல் வைத்திருக்கிற போடியார் ஒருவர் விதைநெல் தந்துவிட்டு, ‘விதை, சாப்பிடு, ஆனால் விளைந்ததை விதையாக விற்காதே’ என்றால் அவர் நெல், அவர் நிபந்தனை. அதில் எனக்குச் சண்டையில்லை. பொதுவிதை என்று சொல்லித் தந்ததில்தான் சண்டை. எது ஓபன் சோர்ஸ் என்று வரையறுக்க, 1998 இல் தொடங்கிய ஓபன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு வைத்திருக்கிற பத்து நிபந்தனைகளில் ஒன்று, இன்ன தொழிலுக்குப் பயன்படுத்தாதே என்று தடுக்கக் கூடாது என்பது. தடுத்தால் அது நிரல் கண்ணுக்குத் தெரிகிற மென்பொருள், அவ்வளவுதான். பெயரை அப்படியே சொல்லுங்கள் என்கிறேன்.

ஓபன் சோர்ஸாக வளர்ந்த பெரிய மென்பொருள்களே, மொங்கோடிபி 2018 இல், எலாஸ்டிக் 2021 இல், டெராஃபோர்ம் 2023 இல், ரெடிஸ் 2024 இல் என்று ஒவ்வொன்றாக உரிமத்தை இறுக்கின. நாங்கள் எழுதியதை, இணையம்வழி கணனியை வாடகைக்கு விடுகிற பெரிய கிளவுட் கம்பனிகள் விற்றுச் சம்பாதிக்கின்றன என்பது அவற்றை எழுதிய கம்பனிகளின் குறை, அது பொய்யுமில்லை. ஆனால் டெராஃபோர்மின் பழைய திறந்த நிரலிலிருந்து, வேறு ஆட்கள் நடத்தும் ஓபன்டோஃபு என்ற மென்பொருள் பிரிந்தது, ரெடிஸிலிருந்து அப்படியே வால்கி பிரிந்தது. எலாஸ்டிக் 2024 இலும் ரெடிஸ் 2025 இலும் மறுபடி ஒரு திறந்த உரிமத்தையும் சேர்த்துக்கொண்டன.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு: 2004 இல் கடல் நம் கரையை அடித்துக்கொண்டு போன பிறகு, இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதியதுதான் சஹானா. காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிய வந்த மென்பொருள். அடுத்த வருடம் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் அது போனது. திறந்த உரிமம் என்பதால் அங்கே யாரும் நம்மிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கடலைக் கண்ட கல்முனைக்காரருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மரியாடிபி என்ற மென்பொருள் கம்பனி கொண்டுவந்த, அதிகம் போனால் நான்கு வருடத்தில் தானாகத் திறந்துகொள்ளும் உரிமம் ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன், கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிந்தது என்று கைகாட்டுகிறார்கள். பக்கத்து ஆலைக்கு இப்போது முதல் வரியிலிருந்து நானே எழுதிக்கொண்டிருக்கிறேன், ஈரநெல் கழிவு மட்டும் இன்னும் சரிவரவில்லை. வணக்கம்.