ஊரே பாடிய ஏடு எது? பக்தி அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

16, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கவிதையைச் சாதாரண மக்களின் சொத்தாக்கியவை காதல் பாட்டுத் தொகுப்புகளா, பக்தி, அறப் பாட்டுத் தொகுப்புகளா என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவி அருமையாகப் பேசினார்கள். 1557-இல் ரிச்சர்ட் டாட்டல் 'சாங்ஸ் அண்ட் சானட்ஸ்' என்ற தொகுப்பை அச்சிட்டார், அரண்மனைப் பெட்டிக்குள் கிடந்த கவிஞர்கள் தாமஸ் வயட்டையும் சர்ரே பிரபுவையும் கடைவீதிக்குக் கொண்டுவந்தார் என்றார்கள். எங்கள் பக்கத்துச் சங்கீதப் பாட்டுகள், அதாவது விவிலியத்தின் துதிப்பாடல்களைச் செய்யுளாக்கிய பாட்டுகள், நொண்டியடிக்கும் செய்யுள் என்றார்கள். அதை மக்கள் பாடியது திருச்சபையின் கட்டாயத்தால் என்றார்கள். காதல் பாட்டின் மெட்டைத் திருடிக்கொண்டோம் என்றும் ஒரு குற்றச்சாட்டு வைத்தார்கள். கடைசியில், "இன்றைக்கு அதையெல்லாம் யார் பாடுகிறார்கள்?" என்று கேட்டு, கைதட்டலோடு இறங்கிவிட்டார்கள்.

கட்டாயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன் ஐயா, ஏனென்றால் அவர்கள் வாதத்தின் அஸ்திவாரம் அதுதான்.

1559-இல் எலிசபெத் அரசியார் திருச்சபைக்குப் பிறப்பித்த ஆணைகள் இருக்கின்றன. அதில் பாட்டைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது? இசையில் விருப்பம் உள்ளவர்களின் ஆறுதலுக்காக, வழிபாட்டின் தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு பாட்டுப் பாட அனுமதிக்கலாம். அவ்வளவுதான். பாடியே தீர வேண்டும் என்று அதில் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு மார்ச் மாதம், சால்ஸ்பரி ஆயர் ஜான் ஜூவல் சூரிச்சில் இருந்த தம் நண்பர் பீட்டர் மார்ட்டருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். லண்டனில் ஒரே ஒரு சின்னக் கோயிலில் இந்தப் பாட்டுத் தொடங்கியது, உடனே அக்கம்பக்கத்துக் கோயில்கள் மட்டுமல்ல, தொலைதூர ஊர்களும் போட்டி போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டன என்கிறார். புனித பவுல் பேராலயத்துக்கு வெளியே பிரசங்கம் நடக்கும் சிலுவை மேடையருகே, சில நாள்களில் ஆறாயிரம் பேர், கிழவர், இளையவர், ஆண், பெண் என்று எல்லோரும் சேர்ந்து பாடுவதைப் பார்க்கலாம் என்றும் எழுதுகிறார். நடுவர் அவர்களே, அனுமதிக்கலாம் என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆறாயிரம் பேர் திறந்தவெளியில் நின்று பாடுகிறார்கள். இதற்குப் பெயர் கட்டாயமா?

அந்த ஆறாயிரம் பேரின் வாயில் இருந்த பாட்டுகள்தான் 1562-இல் ஜான் டே என்ற அச்சகத்தார் கையில் முழுத் தொகுப்பானது. 'தி ஹோல் புக் ஆஃப் சாம்ஸ்.' தாவீதின் 150 சங்கீதங்களும் ஆங்கிலச் செய்யுளில். ஒருவர் எழுதியது அல்ல அது. அரண்மனையில் அரசரின் ஆடைகளுக்குப் பொறுப்பாக இருந்த தாமஸ் ஸ்டெர்ன்ஹோல்ட் தொடங்கினார், 1549-இல் இறந்துபோனார். ஜான் ஹாப்கின்ஸ் என்ற குருவானவர் தொடர்ந்தார். தாமஸ் நார்ட்டன் என்ற வழக்கறிஞர், மேரி அரசி காலத்தில் நாட்டைவிட்டுத் தப்பி ஜெனீவாவில் அடைக்கலம் புகுந்த வில்லியம் விட்டிங்ஹாம், வில்லியம் கீத் என்று பல கைகள். முகப்புப் பக்கத்திலேயே யாருக்கான நூல் என்று போட்டிருக்கிறது: எல்லாவகை மக்களும் தனிமையில் தங்கள் ஆறுதலுக்காகப் பாடத் தகுந்தது. பாடத் தெரியாதவர்களுக்காக இசைக் குறியீட்டை எப்படிப் படிப்பது என்று ஒரு சின்னப் பாடத்தையும் சேர்த்து அச்சிட்டார்கள்.

இப்போது எதிரணித் தலைவி கொண்டாடிய டாட்டலின் முன்னுரையைப் பாருங்கள். கல்லாத வாசகர்களைப் பார்த்து அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? நறுமணச் செடியின் வாசனையை அனுபவிக்க விடாமல் தடுக்கும் அந்தப் பன்றித்தனத்தைப் படித்துப் படித்துக் கழுவிக்கொள்ளுங்கள் என்கிறார்! அம்மா, நான் மிகைப்படுத்தவில்லை. அச்சில் இருக்கிறது. அந்த முன்னுரையின் பக்கத்தில் இன்னொரு முன்னுரையை வைக்கிறேன். டாட்டலுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால், 1535-ஐ ஒட்டி, மைல்ஸ் கவர்டேல் ஆன்மிகப் பாடல்களின் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். வண்டிக்காரனும் உழவனும் சீட்டியடிக்க இந்தப் பாட்டுகள் இருக்கக்கூடாதா, இராட்டையில் நூல் நூற்கும் பெண்கள் பொழுதுபோக இவற்றைப் பாடக்கூடாதா என்று ஏங்குகிறார். ஒருவர் மக்களைத் தம் உயரத்துக்கு ஏறி வரச் சொல்கிறார். மற்றவர் ஏர் பிடித்தவனின் உதடு வரைக்கும் பாட்டைக் கொண்டுபோகிறார். கவர்டேலின் தொகுப்பு எட்டாம் ஹென்றி காலத்திலேயே தடை செய்யப்பட்டது, இன்று ஆக்ஸ்போர்டில் ஒரே ஒரு பிரதிதான் எஞ்சியிருக்கிறது. ஆனால் அந்த ஏக்கத்தை நிறைவேற்றி வைத்தது 1562-இன் தொகுப்பு. அது நூற்றுக்கணக்கான பதிப்புகள் கண்டது.

நொண்டிச் செய்யுள் என்றார்களே. ஆமாம், பல இடங்களில் சொல் முரடுதான், எதுகைக்காக வார்த்தையை வளைத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த யாப்பு எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். எட்டு அசை, ஆறு அசை, மறுபடி எட்டு, ஆறு. ஒரு மூச்சில் ஓர் அடி முடியும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இரண்டு முறை கேட்டால் பதிந்துவிடும். 1640-களில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய மதகுருக்கள் வழிபாட்டுக்கு ஒரு கையேடு தயாரித்தார்கள். படிக்கத் தெரிந்த எல்லோரும் கையில் ஒரு சங்கீதப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் ஒருவர் வரி வரியாக வாசிக்க, மற்றவர்கள் அதைக் கேட்டுப் பாடலாம் என்று அதில் இருக்கிறது. ஒருவர் வாசிக்கிறார், ஊர் திரும்பப் பாடுகிறது. வயட்டின் சானட்டை, அந்தப் பதினான்கு அடிக் கவிதையை, இப்படி ஊர் கூடிப் பாட முடியுமா? இத்தாலியக் காதல் கவிஞர் பெட்ரார்க்கைப் படித்த நாலு பேர் ரசிக்கலாம். நானும் ரசிக்கிறேன். ஆனால் தலைப்பு மக்களின் சொத்து என்று இருக்கிறது.

சரி, சங்கீதத்தை விடுங்கள், அது வழிபாடு, அறப்பாட்டுக்கு வாருங்கள் என்பார்கள். வருகிறேன்.

1576-இல் ஹென்றி டிஸ்லி என்பவர் 'தி பாரடைஸ் ஆஃப் டெய்ன்ட்டி டிவைசஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அரண்மனைத் தேவாலயத்துப் பாடகச் சிறுவர்களுக்கு ஆசிரியராக இருந்த ரிச்சர்ட் எட்வர்ட்ஸ் திரட்டி வைத்தது. எட்வர்ட்ஸ் இறந்து பத்து ஆண்டுக்குப் பிறகுதான் அச்சேறியது. முதல் பாட்டே இந்த உலக வாழ்வின் நிலையாமையைப் பற்றி, புனித பெர்னார்டின் பெயரில் வழங்கிய லத்தீன் பாட்டின் மொழியாக்கம். நிலையாமை, நட்பு, பொறுமை, கிறிஸ்து பிறப்பு என்று போகிற இந்த நூல் 1606 வரை, 30 ஆண்டுகளில், எட்டுக்குக் குறையாத பதிப்புகள் கண்டது. டாட்டலின் நூலும் பல பதிப்பு கண்டது, உண்மை. ஆனால் 1587-உடன் அது நின்றுவிட்டது. அதற்குப் பின் வந்த காதல் தொகுப்புகளில் மிகவும் புகழ்பெற்ற 'இங்லண்ட்ஸ் ஹெலிகான்' எத்தனை முறை அச்சானது? 1600-இல் ஒருமுறை, 1614-இல் ஒருமுறை.

அறப்பாட்டு என்றால் வறட்டு உபதேசம் என்று நினைக்கிறார்கள். எட்வர்ட்ஸின் ஒரு பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். இரவில் ஒருவன் தூங்கப் படுக்கைக்குப் போகிறான். எங்கோ ஒரு தாய் தாலாட்டுவது காதில் விழுகிறது. குழந்தை வெகுநேரமாக அழுதுகொண்டிருக்கிறது. மார்பில் பால் குடித்துக்கொண்டே அழுகிறது, தூங்க மாட்டேன் என்கிறது. அவள் பெருமூச்சு விட்டபடி, ஆனால் இனிமையாகவே பாடுகிறாள். கண்விழித்துக் களைத்துப்போய், குழந்தையைத் தட்டிக்கொடுத்து, கடிந்துகொண்டு, கடைசியில் அது அவளைப் பார்த்துச் சிரிக்கும்வரை ஆட்டுகிறாள். அப்போது அவள் சொல்கிறாள்: உண்மையான நண்பர்களின் பிணக்கு, அன்பைப் புதுப்பிக்கத்தான். ரோமானிய நாடகாசிரியர் டெரென்ஸ் லத்தீனில் எழுதிய வரி அது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் மனப்பாடம் செய்த வரியை எடுத்து, தூக்கமில்லாத ஒரு தாயின் வாயில் வைத்துவிட்டார் எட்வர்ட்ஸ். அந்தக் காலத்துக் காதல் தொகுப்புகளில் இப்படிக் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணைக் காட்டுங்கள் பார்ப்போம். அங்கே பெண் என்றால் கல்நெஞ்சக்காரி, கனவில் வருபவள், கடிதம் பெறுபவள்.

பெண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1582-இல் தாமஸ் பென்ட்லி 'தி மான்யுமென்ட் ஆஃப் மேட்ரன்ஸ்' என்ற மாபெரும் தொகுப்பை வெளியிட்டார். பெரும்பகுதி உரைநடை வேண்டுதல்கள், இடையிடையே செய்யுள். எழுதியவர்களில் கேத்தரின் பார் அரசி, எலிசபெத் அரசி, ஜேன் கிரே எல்லாம் உண்டு. அவர்களோடு அபர்கவென்னி பிரபுவின் மனைவி ஃபிரான்சஸும் இருக்கிறார். மரணப் படுக்கையில் தம் ஒரே மகள் மேரி ஃபேனிடம் ஒப்படைத்த வேண்டுதல்கள் அவை. அதில் ஒரு வேண்டுதலின் முதல் எழுத்துகளை வரிசையாகக் கோத்தால் மகளின் பெயர் வரும். சாகும் வேளையில் தாய் மகளுக்கு விட்டுப்போன சீதனம் ஒரு கவிதை! ஒரு பெண்ணின் பெயரோடு அதை அச்சில் ஏற்றி வைத்தது பக்தித் தொகுப்பு, நடுவர் அவர்களே.

மெட்டுத் திருட்டுக்கு வருகிறேன். எதிரணி சுட்டிக்காட்டியது ஜான் ஹாலை. மெய்ட்ஸ்டோன் ஊரில் அறுவை மருத்துவராக இருந்தவர். 1565-இல் 'தி கோர்ட் ஆஃப் வெர்ச்யூ' என்று ஒரு நூல் வெளியிட்டார். காதல் தெய்வத்தின் பெயரில் 'கோர்ட் ஆஃப் வீனஸ்' என்றொரு பாட்டுத் தொகுப்பு உலவியது, அதற்குப் பதில் இது. "என் வீணையே, விழித்தெழு" என்ற வயட்டின் பாட்டை எடுத்து, விழித்தெழுந்து ஆண்டவனைப் புகழ் என்று மாற்றிவிட்டார். திருட்டா? வயட்டின் வீணை ஒரு பெண்ணின் அலட்சியத்தைப் பாடி ஓய்ந்துபோகிறது. அதே வீணையைக் காதலில் தோற்காதவனும் வாசிக்கும்படி ஹால் கொடுத்தார். மெட்டு மக்களுக்குப் பழக்கம், புதுச் சொல் அதில் ஏறி உட்கார்ந்தது. புதுச் சொல்லைப் பரப்ப அதைவிட நல்ல வழி எது?

எதிரணி ஷேக்ஸ்பியரைத் துணைக்கு அழைத்தார்கள், நானும் அவரையே அழைக்கிறேன். ஹாம்லெட்டில் வெட்டியான் குழி தோண்டிக்கொண்டே பாடுகிறானே, அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? டாட்டலின் நூலில் இருந்துதான்! எதிரணி கைதட்டலாம். ஆனால் அது என்ன பாட்டு? வாக்ஸ் பிரபு எழுதிய, முதுமையில் காதலைத் துறக்கும் ஒருவனின் பாட்டு. ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, போர்த்த ஒரு பிணத்துணி, இந்த விருந்தாளிக்குப் பொருத்தமாய் ஒரு மண் வீடு என்று போகிறது. வெட்டியான் சொற்களை மாற்றி, அடிகளைக் குழப்பித்தான் பாடுகிறான். குழப்பிப் பாடுவதுதான் என் சாட்சி. ஏட்டைப் பார்த்துப் படித்தவன் குழப்ப மாட்டான், காதால் கேட்டு வாயால் பழகியவன்தான் குழப்புவான். அந்த நூல் நிறையக் காதல் பாட்டுகள் இருக்க, வெட்டியானின் வாய்க்கு ஷேக்ஸ்பியர் தேர்ந்தெடுத்தது நிலையாமைப் பாட்டை. ரோமியோ ஜூலியட்டில் வேலைக்காரன் பீட்டர் இசைக்காரர்களிடம் வம்பு வளர்த்தபடி பாடும் வரிகளும் எட்வர்ட்ஸுடையவை, நான் சொன்ன அதே 'பாரடைஸ்' தொகுப்பில் உள்ளவை. உலகத்தின் மிகப் பெரிய காதல் நாடகத்தில் வேலைக்காரன் வாய்க்கு வரும் பாட்டு எங்கள் அணியின் பாட்டு!

இன்னொன்று. ஜாஸ்பர் ஹேவுட் சேசு சபை என்ற கத்தோலிக்கச் சபையின் துறவி, நாட்டைவிட்டுப் போனவர். அவர் எழுதியதும் புராட்டஸ்டன்ட் லண்டனில் அச்சான 'பாரடைஸ்' தொகுப்பில் இருக்கிறது. அதே நூலில் ஃபிரான்சிஸ் கின்வெல்மார்ஷ் எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டுக்குக் கத்தோலிக்கரான வில்லியம் பேர்ட் இசையமைத்து 1589-இல் வெளியிட்டார். வெளியே மதத்துக்காக ஆட்களைத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஏட்டுக்குள் மட்டும் இரு தரப்பும் பக்கத்துப் பக்கத்தில்.

மணி அடித்துவிட்டார்கள், கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். "இன்றைக்கு அதையெல்லாம் யார் பாடுகிறார்கள்?" வில்லியம் கீத் எழுதியதாக அறியப்படும் 100-ஆம் சங்கீதப் பாட்டு 1561-இல் அச்சேறியது. அதன் மெட்டு ஜெனீவாவில் பிறந்தது. எதிரணித் தலைவி அடுத்த ஞாயிறு காலை நம் ஊர் சி.எஸ்.ஐ. ஆலயம் எதற்காவது போய், பாமாலைப் புத்தகத்தை வாங்கி, "பூலோகத்தாரே யாவரும்" என்று தொடங்கும் பாட்டைத் திறந்து பார்க்கட்டும். அது கீத்தின் பாட்டுத்தான், தமிழில். கீத் யார் என்று தெரியாமலேயே சபை எழுந்து நின்று பாடுகிறது. டாட்டல் நூலில் இருந்து ஒரு சானட்டைத் தமிழ்நாட்டில் எங்காவது ஐம்பது பேர் சேர்ந்து பாடக் கேட்டிருந்தால் எதிரணி இப்போதே எழுந்து சொல்லட்டும். நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். வணக்கம்.