தாய்க்கு ஒன்றுமில்லை, பிள்ளைக்கு?

எல்லோருக்கும் வணக்கம். கர்ப்பிணிகளைப் பயமுறுத்திவிட்டுப் போவதற்காக நான் மேடையேறவில்லை. பாதரசமும் ஈயமும் தாய் வழியாக வயிற்றிலிருக்கும் பிள்ளையை எப்படித் தாக்குகின்றன என்று சொல்ல வந்தேன். மினமாட்டாவை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது.

ஜப்பானின் அந்தக் கடலோர ஊரில், ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் என்கிற பாதரசச் சேர்மம் மீனுக்குள் போய், மீனைத் தின்றவர்களைத் தாக்கியது. 1956இல் நோய் வெளியே தெரிந்தது. அதே காலத்தில் தலை நிற்காத, கைகால் இழுத்துக்கொள்கிற குழந்தைகளும் அங்கே பிறந்தன. அந்தப் பிள்ளைகள் மீனை வாயில் வைத்ததே இல்லை. பெற்றவர்களோ பெரும்பாலும் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். நஞ்சு நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்று நம்பிய காலம் அது. அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு வந்தது 'மூளைவாதம்' என்று சொல்லிவிட்டார்கள். காரணம் பாதரசம்தான் என்று ஒப்புக்கொள்ள 1962 ஆனது. பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்னப் பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானியர் வழக்கம். பிற்பாடு அந்தப் பெட்டிகளைத் திறந்து சோதித்தார்கள். காய்ந்த கொடியில் பாதரசம் இருந்தது.

தாய் தப்பிக்கப் பிள்ளை மாட்டிக்கொள்வது எப்படி? மெத்தில் பாதரசம் அமினோ அமிலம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு, சத்துப்பொருள் மாதிரி வேடம்போட்டு உள்ளே போகிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் அளவு தாயின் இரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த நேரத்தில் சிசுவின் மூளைச் செல்கள் பெருகி, தத்தம் இடம் தேடி நகர்ந்துகொண்டிருக்கின்றன. உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையும் அப்போதுதான் உருவாகிறது.

சரி, அது ஊரையே சாய்த்த அளவு. கொஞ்சமாக இருந்தால்? வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில், பாதரசம் சேர்ந்த திமிங்கிலக் கறி சாப்பிட்ட தாய்மாருக்கு 1986–87இல் பிறந்த சுமார் ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு சோதனை மிக எளிது: ஆள்காட்டி விரலால் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எத்தனை தட்டு என்று எண்ணுவார்கள். கருவில் அதிகப் பாதரசம் பட்டவர்களின் வேகம் சற்றுக் குறைவு. 14 வயதிலும் அது மறையவில்லை. பெற்றவர் கண்ணுக்குத் தெரிகிற குறை இல்லை இது, அதுதான் சிக்கலே. அதற்காக மீனையே ஒதுக்கவும் வேண்டாம். கடல்மீன் நிறையச் சாப்பிடும் சீஷெல்ஸ் தீவுகளில் நடந்த ஆய்வில் இப்படித் தெளிவான பாதிப்பு தென்படவில்லை. பாதரசம் அதிகம் சேரும் சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களைத் தவிர்த்துச் சின்ன மீன்களைச் சாப்பிடலாம்.

ஈயத்தின் கதை வேறு. அது எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். சிசுவுக்குச் சுண்ணாம்புச்சத்து தர எலும்பு கரையும்போது, தாய் தன் சின்ன வயதில் வாங்கிய ஈயமும் கூடவே இரத்தத்துக்கு வந்து, சிசுவையும் சேரும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பு, புதிய ஈயத்தையும் அதிகமாக உறிஞ்சும்.

ஆகவே கர்ப்பம் உறுதியானதும் மருத்துவரிடம் போகும்போது, பழைய பேட்டரி உடைத்தல், பெயின்ட் சுரண்டல், ஈயப்பற்று வைத்தல் என்று இப்போதோ முன்போ செய்த வேலை எதுவானாலும் நீங்களாகவே சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கணவர் செய்கிற வேலையையும் சொல்லுங்கள். அவர் சட்டையோடும் ஈயத்தூள் வீட்டுக்குள் வரும். தேவையென்றால் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க மருத்துவர் சொல்வார்.