சுவரில் பூக்கும் சொல்

எல்லோருக்கும் வணக்கம். சிவில் படிக்கிற பிள்ளைகள் நிறைய வந்திருப்பதாகச் சொன்னார்கள், அதனால் இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எஃப்ளோரசென்ஸ். செங்கல் சோதனைகளைப் படிக்கும்போது உங்கள் பாடத்தில் வரும். "சுவரில் வெள்ளையாகப் படியும் உப்பு" என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் உப்பும் இல்லை, படிவதும் இல்லை. பூப்பது.

எனக்கு இது புரிந்தது ஒரு வாடகை வீட்டில். பின்கட்டுச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டே இருந்தது, நானும் ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தேன், துடைத்த நாலாம் நாள் திரும்ப வரும். கடைசியில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் விரலால் வழித்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு பூத்திருக்குங்க, எங்கேயோ தண்ணி ஏறுது" என்றார். நான் அகராதியில் தேடிக்கொண்டிருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே. அதுதான் இங்கே 'எஃப்' ஆகித் தேய்ந்து நிற்கிறது. 'ஃப்ளோரெஸ்கெரே' என்றால் பூக்கத் தொடங்குவது. உள்ளே இருப்பது வெளியே பூத்து வருவது, அவ்வளவுதான். செங்கல்லில் நடப்பதும் அதேதான். மண்ணிலோ கலவையிலோ நிலத்தடி நீரிலோ இருக்கிற சல்பேட் உப்புகளைத் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு நுண்துளைகள் வழியாக மேலே வருகிறது, வெளிப்பரப்பில் தண்ணீர் காற்றோடு போய்விடுகிறது, உப்பு மட்டும் நின்றுவிடுகிறது. நான் ஈரத்துணியால் துடைத்தபோது அந்த உப்பைக் கரைத்துத் திரும்பச் சுவருக்கே குடிக்கக் கொடுத்திருக்கிறேன். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும், அப்புறம் தண்ணீர் ஏறுகிற வழியை அடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பெயின்ட்.

தமிழில் இந்தப் 'பூத்தல்' எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். நீறு பூத்த நெருப்பு என்கிறோம். ஊறுகாயில் பூஞ்சை பூத்துவிட்டது என்கிறோம். வழி பார்த்துக் கண் பூத்துப்போனது என்கிறோம். உப்பளத்தில் உப்பு விளையும், சுவரில் பூக்கும். இரண்டையும் மாற்றிச் சொல்லமாட்டோம். அதனால் இந்தச் சொல்லுக்குத் தமிழ் எழுதும்போது 'உப்புப் படிவு' என்று எழுதாதீர்கள், 'உப்புப் பூத்தல்' என்றே எழுதுங்கள். படிவு என்றால் வெளியிலிருந்து வந்து உட்கார்ந்தது என்று ஆகிவிடும்.

வேதியியலில் கொஞ்சம் வேறு. அங்கே படிகத்துக்குள் இருக்கிற நீர் காற்றில் போய்விடுவதற்கு இந்தப் பெயர். சலவைச் சோடாவைத் திறந்து வைத்தால், 10 நீர் மூலக்கூறில் 9 போய், கண்ணாடி மாதிரி இருந்த கட்டி மேலெல்லாம் வெள்ளைமாவு பூத்து நிற்கும்.

சரி, வீட்டு ரோஜாச்செடி பூத்தால் ஆங்கிலத்தில் இதைச் சொல்லலாமா? வேண்டாம். அதற்கு ப்ளூம் போதும். ஆப்பிள், செர்ரி மாதிரிப் பழமரங்கள் பூத்தால் பிளாசம். எஃப்ளோரசென்ஸ் கனமான சொல். 15ஆம் நூற்றாண்டில் பிளாரன்ஸ் நகரத்தில் ஓவியமும் சிற்பமும் ஒன்றாகப் பொங்கி எழுந்ததே, அந்த மாதிரிக் காலத்தைச் சொல்லப் பயன்படுத்துவார்கள். அந்த நகரத்தின் பெயரிலேயே அதே பூ இருக்கிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ட்யூப்லைட்டில் வருவது ஃப்ளோரசென்ஸ். 1852இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து உண்டாக்கியது. காதுக்கு ஒன்று போலக் கேட்கும், பூவுக்கும் அதற்கும் உறவே இல்லை.

உங்கள் ஆய்வகத்தில் ஐஎஸ் 3495 என்ற இந்தியத் தரநிலைப்படி இந்தச் சோதனையைச் செய்வீர்கள். செங்கல்லின் ஒரு முனையை 25 மில்லிமீட்டர் தண்ணீரில் நிறுத்திவைத்து, தண்ணீர் முழுக்க உறிஞ்சி உலர்ந்த பிறகு, இன்னொரு முறையும் அதையே செய்வீர்கள். பரப்பில் 10 சதவீதத்துக்குள் பூத்திருந்தால் லேசானது, 50 வரைக்கும் நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று குறித்துக்கொள்வீர்கள். எழுதுவதற்கு முன்னால் செங்கல்லைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் மயிர் மாதிரி மெல்லிய ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால், கொத்தனார் சொன்னதுதான்.