ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் நார்கோலெப்சியா?

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் நரம்பியல் மருத்துவராக இருக்கிறேன். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கமிருந்து வரும் நம் தமிழ்க் குடும்பங்களில் சிலர் இப்போது கையில் லேப் ரிப்போர்ட்டோடே வருகிறார்கள். "ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ் டாக்டர், பையனுக்கு நார்கோலெப்சிதானே?" என்று கேட்கிறார்கள். நார்கோலெப்சி என்பது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் ஒரு நரம்பியல் நோய். அந்த ஒரு தாளை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. 1998இல் கண்டறியப்பட்ட இந்தப் பொருளுக்கு ஒரெக்ஸின் என்றும் பெயர். நாம் தொடர்ந்து விழித்திருக்க இது வேண்டும். நார்கோலெப்சியின் முதல் வகையில் இந்தச் செல்கள் பெரும்பாலும் அழிந்துபோகின்றன. நம் நோய் எதிர்ப்பு சக்தியே அவற்றை அழிக்கிறது என்று நினைக்க வலுவான காரணங்கள் உண்டு. அதில் ஒன்றுதான் இந்த ஜீன். நோய் எதிர்ப்பு சக்தியை வழிநடத்தும் எச்.எல்.ஏ. என்ற ஜீன் குடும்பத்தைச் சேர்ந்த டி.க்யூ.பி.1, அதில் 06:02 என்ற வகை.

முதல் வகை நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது இருக்கிறது. சரி, அப்புறம் என்ன சந்தேகம் என்பீர்கள். எந்த நோயும் இல்லாதவர்களிலும், பல நாட்டு மக்களிடையே, பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ இது உண்டு. நோய் வருவதோ ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு. அதாவது, பாசிட்டிவ் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க இந்த நோய் வராது. நெகட்டிவ் வந்தால் முதல் வகை இருக்க வாய்ப்பு குறைவு. அந்த அளவுக்குத்தான் இந்த டெஸ்ட் உதவும்.

நான் முதலில் கேட்பது வேறு: "வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவண்டு போகிறதா?" ஓர் இளைஞர், ஆபீஸ் கேன்டீனில் நண்பர்கள் ஜோக் அடித்தால் தாடை தொங்கி, கையிலிருக்கும் டம்ளர் நழுவி, அப்படியே சரிந்துவிடுவார். நினைவு தப்பாது, பேசுவதெல்லாம் காதில் விழும். வீட்டில் வலிப்பு என்று பயந்தார்கள். பகலில் தூங்கி விழுவதைச் சோம்பேறித்தனம் என்று திட்டினார்கள். சிரிக்கும்போது இப்படித் துவண்டு சரிவதற்கு கேடாப்ளெக்ஸி என்று பெயர். ஜீன் ரிப்போர்ட்டைவிட இந்தக் கதைக்கு மதிப்பு அதிகம்.

பிறகு தூக்கப் பரிசோதனை. இரவு முழுக்கப் பதிவு, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நான்கைந்து குட்டித் தூக்கம். சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கி, இரவுப் பதிவையும் சேர்த்து இரண்டு முறையாவது கனவுத் தூக்கத்துக்குள் உடனே போய்விட்டால் நோய் என்று கொள்ளலாம். முதுகுத் தண்டு நீரிலும் ஹைப்போகிரெட்டினை அளக்கலாம், எல்லா ஊரிலும் வசதி இல்லை.

இந்த ஊரில் ஒரு சிக்கல், நைட் ஷிப்ட். சரியாகத் தூங்காதவருக்கும் இதே முடிவு வரலாம். அதனால்தான் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம், படுத்த நேரமும் எழுந்த நேரமும் எழுதி வரச் சொல்கிறோம். தயவுசெய்து உள்ளது உள்ளபடி எழுதுங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரையும் முடிவை மாற்றிவிடும், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். என்னவென்று தெரியும் வரை ஸ்கூட்டர் சாவியை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். நன்றி, வணக்கம்.