கூடம் கோணல்தான், ஐயா!

(கொட்டாஞ்சேனையில் ஒரு வாசிகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மாநகர சபையின் முன்னாள் உறுப்பினர் ஐயா அவர்களே, பாடசாலை அதிபர் அம்மா அவர்களே, கோயில் தர்மகர்த்தா ஐயா, பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து வந்திருக்கும் ஹாஜியார், பங்குத் தந்தை அவர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள், சென்ற வருடம் விடுபட்டவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

நம் உதைபந்தாட்டம் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: நம் அரங்கு, நம் கழகங்கள், நடுவர் பயிற்சி.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." உலகத் தரவரிசையில் இலங்கை அடிமட்டத்தில் கிடக்கிறதே என்று சொன்னால் உடனே இதை எடுத்து வீசுகிறார்கள். சரி, கூடத்தையே பார்ப்போம். நமக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது சுகததாச அரங்கு. கொழும்பு மேயராகவும், வட கொழும்பின் பாராளுமன்ற உறுப்பினராகவும், விளையாட்டுத்துறை அமைச்சராகவும் இருந்த வீ. ஏ. சுகததாசவின் பெயர் அது. சுமார் 25,000 பேர் உட்காரலாம். ஆனால் 400 மீற்றர் ஓட்டப்பாதை சுற்றிப் போகிறது. கோல் அடித்தவன் யாரென்று கலரியில் இருப்பவன் பக்கத்தவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று ரேஸ்கோர்ஸ். குதிரை ஓடிய இடம், இரண்டாம் உலகப் போரில் விமானம் இறங்கிய இடம், இப்போது றக்பியும் பந்தும்.

கழகங்களுக்குக் குறையில்லை. நூறு வயது கடந்த சோண்டர்ஸ், கொம்பனித்தெருவின் ஜாவா லேன், ரினோன், நம் புனித பெனடிக்ற் பழைய மாணவர்களின் ஓல்ட் பென்ஸ். கொழும்பு எப்.சி.யோடு ஆட 2017 இல் கொல்கத்தாவிலிருந்து மோகன் பகானே வந்து போனது. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பிபா நம்மைத் தடை செய்து ஓகஸ்டில் விடுவித்த கதை வேண்டாம், இன்று நல்ல நாள்.

1995 க்கு வருகிறேன். தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டம், இதே சுகததாசவில், இந்தியாவுக்கு எதிராக. எனக்குப் பதின்மூன்று வயது. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்த பெரியப்பா கூட்டிப் போனார். மனுஷன் வரும் வழியில் மூன்று பிளேன்டீ குடித்துவிட்டார். முதல் பாதியில் காலை ஆட்டினார். இரண்டாம் பாதியில் கடலைச் சுருளைக் கசக்கினார். "போய் வாங்களேன் பெரியப்பா" என்றேன். "நான் போனால்தானடா இவன்கள் அடிப்பான்கள்" என்றார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. அதற்கு மேல் தாங்கவில்லை, சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். அவர் போய் இரண்டு நிமிடம் இராது, அரங்கமே அதிர்ந்தது. கோல்! ஒன்றுக்குப் பூச்சியம், கிண்ணம் நமக்கு! சாரத்தை ஒரு கையில் பிடித்தபடி ஓடி வந்த பெரியப்பா, முன்பின் தெரியாத ஒரு சிங்கள அண்ணனைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்புறம் இருபது வருடம், அந்தக் கோல் எந்த மூலையால் போனது என்று தெரு முழுக்க அவர்தான் விளக்கினார். நான் வாயே திறக்கவில்லை. "கூடம் கோணலில்லையடா, என் குடல்தான் கோணல்" என்று சாகும்வரை என்னிடம் மட்டும் சொல்வார்.

சிரிக்கிறீர்கள். பெரியப்பா ஆம்பிளை, ஓர் ஓரமாகப் போய் வந்துவிட்டார். நம் பகுதியில் ஒரு மைதானத்தில் என் மகள் பந்து பழகுகிறாள், பெயர் சொல்லவில்லை. மொத்தம் பதினாறு பெண் பிள்ளைகள். கழிப்பறைக்குப் பூட்டு, சாவி யாரிடமென்று தெரியாது. உடை மாற்ற ஒரு வேனுக்குப் பின்னால் இரண்டு பேர் சேலையைப் பிடிக்கிறார்கள். பயிற்சி நாளில் இந்தப் பிள்ளைகள் மத்தியானத்திலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. கொழும்பு வெயிலில்! பெரிய பிள்ளையானதும் ஒவ்வொருத்தியாக நின்றுவிடுகிறார்கள். இவர்களைப் பார்த்தா ஆடத் தெரியாதவள் என்பது? கூடம் கோணல்தான், ஐயா. அந்தக் கூடத்தில் ஒரு கதவும் ஒரு குழாயும் இல்லை.

நடுவர் பயிற்சி பற்றி... தலைவர் மணியடிக்கிறார், அது அடுத்த வருடம். முன்னாள் உறுப்பினர் ஐயா, இரண்டு கழிப்பறை, ஓர் உடைமாற்றும் அறை, சாவி பயிற்றுநர் கையில். கேட்பது இவ்வளவுதான். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும் என்று இடம் விட்டு வைத்திருக்கிறோம். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிளேன்டீ குடியுங்கள். ஒன்று போதும், மூன்று வேண்டாம்.