குளம்னா எது தம்பி? நான் எழுதிய ஒரு பக்கச் சட்டம்

வணக்கம் மக்களே, வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று பேசுகிறேன், பஸ் ஹாரன் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வீடியோவில் எங்கள் ஊர்க் குளத்தில் குப்பை கிடப்பதைக் காட்டினேன் இல்லையா, "இதுக்கு ஒரு சட்டம் போடணும் ப்ரோ" என்று நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று நோட்டில் எழுதிவிட்டேன். குளத்தில் யாரும் குப்பை கொட்டக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம், ஊருக்கு ஒரு குளக் காவலர், அவருக்கு அரசு சம்பளம். அவ்வளவுதான், ஒரே பக்கம்.

தெரிந்த வக்கீல் அண்ணன் ஒருத்தரிடம் நீட்டினேன். அவர் பென்சிலை எடுத்து 'குளம்' மேல் ஒரு வட்டம், 'யாரும்' மேல் ஒரு வட்டம் போட்டார். "குளம்னா எது தம்பி? வருஷத்துல பாதி நாள் காய்ஞ்சு கிடக்குமே, அப்பவும் குளமா? கரை சேருமா, வரத்துக் கால்வாய் சேருமா? யாரும்னா, பஞ்சாயத்து வண்டியுமா?" எனக்கு டீ புரையேறிவிட்டது, ஏனென்றால் பெரும்பாலும் கொட்டுவதே அந்த வண்டிதான்.

நம்ம பக்கத்து உதாரணமே ஒன்று சொன்னார். 2017 ஜனவரி 23 அன்று சட்டசபையில் ஜல்லிக்கட்டுக்கான மசோதா நிறைவேறியது ஞாபகம் இருக்கும். எங்கள் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கமெல்லாம் நாம் நடத்துவது மாட்டை அடக்குகிற விளையாட்டே இல்லை, மாட்டை ஓடவிட்டு நேரம் பார்ப்பது. அந்தச் சட்டத்தில் ஜல்லிக்கட்டு என்றால் என்ன என்று விளக்குகிற இடத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கடைசிப் பெயர் விட்டுப்போயிருந்தால் நம்ம ஊர்க் காளைகள் எந்தச் சட்டத்தை நம்பி ஓடும்?

அதே பென்சிலோடு இன்னொன்றும் காட்டினார், இதுதான் எனக்குப் பெரிய அடி. நான் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி எழுதினேனே, ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் அது பொதுப்பணித்துறை பொறுப்பில் இருந்த ஏரிகளுக்கு எழுதியது. பஞ்சாயத்து பார்த்துக்கொள்கிற எங்கள் குளம் அதில் வராது. அப்போ எனக்குத் தேவை முழுப் புதுச் சட்டமா, இருப்பதில் ஒரு வரித் திருத்தமா? திருத்தம்தான் சுலபம் என்கிறார் அண்ணன், நானும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

குளக் காவலர் வரியையும் பென்சிலால் அடித்துவிட்டார். அரசு கஜானாவில் கை வைக்கிற மசோதா, ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் அவையில் நிறைவேறாதாம். சம்பளத்தைத் தூக்கினேன், காவலரும் போனார்.

யாரிடம் கொடுப்பது? தண்ணீர், நிலம், சுகாதாரம் எல்லாம் மாநிலப் பட்டியல், அதாவது மாநிலம் சட்டம் போடுகிற விஷயங்கள், அதனால் டெல்லி வேண்டாம், சென்னை போதும். 1986ல் சட்டமன்றத்தின் மேலவை போய்விட்டதால் ஒரே அவைதான், அங்கே நிறைவேறி, ஆளுநர் ஒப்புதல் கிடைத்து, அரசிதழில் வரவேண்டும். நாம் நேராகப் போய் மசோதா தாக்கல் செய்ய முடியாது, அமைச்சரோ எம்எல்ஏவோ கொண்டுபோக வேண்டும். அமைச்சர் இல்லாத உறுப்பினர் கொண்டுவந்தால் அது தனிநபர் மசோதா. நாடாளுமன்றத்தில் அந்த வழியில் 1970க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமானதில்லை. திமுக எம்பி திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா 2015ல் மாநிலங்களவையில் நிறைவேறியதே பெரிய அதிசயம், அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. ஆனால் அப்புறம் அரசு தானே ஒரு மசோதா கொண்டுவந்து 2019ல் சட்டமாக்கியது. அதில் என்னென்ன குறை என்று திருநங்கைகளே சொல்கிறார்கள், அது தனி வீடியோ.

அதனால் நான் முதலில் ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாக வைக்கப்போகிறேன். கிராம சபைத் தீர்மானம் சட்டம் ஆகாது, தெரியும். ஆனால் எம்எல்ஏ ஆபீஸுக்கு என் நோட்டுப் பேப்பரோடு போவதும், ஊரே கையெழுத்துப் போட்ட தீர்மானத்தோடு போவதும் ஒன்றா?

வரைவை இரண்டாம் முறை எழுதிக்கொண்டிருக்கிறேன். குறுந்தலைப்பு, அதாவது சட்டத்தின் சுருக்கப் பெயர், முடிந்தது. இந்தச் சட்டம் எதற்கு என்று சொல்கிற நோக்க காரண விளக்கவுரை முக்கால் பக்கம் வந்திருக்கிறது. வரையறையில் 'குளம்' என்று போட்டு அதற்கு எதிரே இன்னும் காலியாக விட்டிருக்கிறேன். குட்டை, தாங்கல், ஏரி என்று உங்கள் ஊரில் தண்ணீர் நிற்கிற இடத்துக்கு என்னென்ன பெயர் இருக்கிறதோ, எல்லாவற்றையும் கீழே எழுதிவிடுங்கள், ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது.